அழிந்தவற்றின் சொந்தக்காரர்கள்: மறு உயிர்ப்புப் புனைவுகள் குறித்து

1

ஜுராசிக் பார்க் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அதன் கதை தெரியும். மரப்பிசினில் மாட்டி உறைந்துபோன கொசு. கொசு குடித்த டைனோசர் ரத்தம். ரத்தத்திலிருந்து மரபணு, மரபணுவிலிருந்து மிருகம். செய்த மிருகம் கைமீறிப் போகிறது, ஆட்களைத் தின்கிறது, மிச்சமிருப்பவர்கள் ஹெலிகாப்டரில் ஏறித் தப்பிக்கிறார்கள். படம் வந்த 1993இலிருந்து இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது. மனிதன் கடவுள் வேலையைச் செய்யலாமா? அறிவியலுக்கு வரம்பு வேண்டாமா? 1818இல் மேரி ஷெல்லி ஃபிராங்கன்ஸ்டைனில் எழுப்பிய கேள்வி இது. பழசானாலும் லேசுப்பட்ட கேள்வி அல்ல. ஆனால் இதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் வேறு இரண்டு கேள்விகள் சத்தமில்லாமல் நழுவிப்போகின்றன. உயிர்ப்பித்ததற்கு யார் சொந்தக்காரர்? அது செத்தது யாரால்?

'மனிதன்' என்று பொதுவாகச் சொல்லும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. எந்த மனிதன்? டைனோசரைச் செய்தது மனிதகுலம் அல்ல, ஒரு கம்பெனி. அதேபோல, கடந்த முந்நூறு ஆண்டுகளில் அழிந்த பல உயிரினங்களை 'மனிதன்' அழித்தான் என்று சொல்வது பாதி உண்மை. தோலுக்கு விலை வைத்தவர், தலைக்குப் பரிசு அறிவித்தவர், மேய்ச்சல் நிலம் வேண்டும் என்று வேலி போட்டவர் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது. அழிந்த விலங்குகளை மரபணுப் பொறியியல் மூலம் மீட்கும் விஞ்ஞானப் புனைகதைகளை இந்தக் கணக்குப் புத்தகங்களோடு சேர்த்து வைத்து வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படி வாசித்தால் இவை உயிரைப் பற்றிய கதைகள் என்பதைக் காட்டிலும் சொத்தைப் பற்றிய கதைகள் என்பது தெரியவரும்.

டைனோசர் ஏன் இவ்வளவு பிரபலம் என்பதற்கும் இங்கே ஒரு விடை கிடைக்கிறது. டைனோசர்கள் அழிந்தது ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால். விண்கல் விழுந்தது, செத்துப்போயின. யார் கையிலும் ரத்தக்கறை இல்லை. குற்றவாளி இல்லாத ஒரே அழிவைப் பார்த்துப் பொறுக்கியெடுத்துக் கொண்டாடுகிறது வெகுஜனக் கற்பனை.

2

டைனோசர்கள் முதலில் மரபணு வழியாக வரவில்லை. ஆர்தர் கோனன் டாயில் 1912இல் எழுதிய 'தொலைந்த உலகம்' நாவலில் அவை தென் அமெரிக்கப் பீடபூமி ஒன்றில் அழியாமலேயே மிஞ்சியிருக்கின்றன. அங்கே போகும் ஆங்கிலேயர் குழு சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. அங்குள்ள மனிதர்களுக்கும் வாலில்லாக் குரங்கு மனிதர்களுக்கும் நடக்கும் சண்டையில் துப்பாக்கியோடு இறங்குகிறது. குரங்கு மனிதர்களில் ஆண்கள் கொல்லப்படுகிறார்கள், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகிறார்கள். லண்டன் அரங்கில் காட்டுவதற்கு ஒரு பறக்கும் பல்லி கூண்டில் வருகிறது. ஓர் இனத்தின் ஒழிப்பும் ஒரு மிருகத்தின் காட்சியும் ஒரே நாவலுக்குள் அக்கம்பக்கமாக இருப்பதை அன்றைய வாசகர் யாரும் விசித்திரமாக நினைத்திருக்கமாட்டார். காலனி காலத்தில் இரண்டும் ஒரே கப்பலில் வந்தவைதான்.

1952இல் ரே பிராட்பரி எழுதிய புகழ்பெற்ற சிறுகதையில் டைனோசரிடம் போகிறவர் டிக்கெட் வாங்கிய வேட்டைக்காரர். பத்தாயிரம் டாலர் கட்டினால் கால இயந்திரத்தில் கூட்டிக்கொண்டு போய்ச் சுடவைப்பார்கள். எப்படியும் அடுத்த நிமிடம் சாகப்போகிற மிருகத்தைத்தான் சுட வேண்டும் என்பது கம்பெனி விதி. 1984இல் ஹாரி ஆடம் நைட் என்ற புனைபெயரில் ஜான் பிராஸ்னன் எழுதிய 'கார்னோசார்' நாவலில் மரபணு வந்துவிடுகிறது. கோழியின் மரபணுக்களிலிருந்து டைனோசர்களைச் செய்பவர் தனியார் மிருகக்காட்சிசாலை வைத்திருக்கும் ஓர் ஆங்கிலப் பிரபு. ஆறு ஆண்டுகள் கழித்து, 1990இல், மைக்கேல் கிரைட்டனின் 'ஜுராசிக் பார்க்' நாவல் வந்தபோது பிரபுவின் இடத்தில் கம்பெனி உட்கார்ந்திருந்தது. ஆய்வுப் பயணி, டிக்கெட் வாங்கிய வேட்டைக்காரர், பிரபு, பங்குதாரர். சொந்தக்காரர்களின் வம்சாவளி இப்படிப் போகிறது.

கிரைட்டனின் நாவல் டைனோசரோடு தொடங்குவதில்லை என்பதைப் பலர் கவனித்ததில்லை. அதன் முன்னுரை முழுக்க மரபணு ஆராய்ச்சி எப்படிக் கட்டுப்பாடில்லாமல் வியாபாரமானது என்பதைப் பற்றியது. நாவலின் முதலாளி ஹாமண்ட் தன் கணக்கை வெளிப்படையாகவே சொல்கிறார். மருந்து கண்டுபிடித்தால் அரசாங்கம் விலையைக் குறை என்று வந்து நிற்கும். கேளிக்கைக்கு அந்தத் தொல்லை இல்லை, யாருக்கும் தேவைப்படாத பொருளுக்கு என்ன விலையும் வைக்கலாம். அவருடைய தலைமை விஞ்ஞானி வூ ஒருபடி மேலே போகிறார். இந்த டைனோசர்கள் ரொம்ப வேகமாக ஓடுகின்றன, பார்வையாளர்கள் இவ்வளவு வேகத்தை எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் மந்தமான புதிய பதிப்பு ஒன்றைச் செய்யலாம் என்கிறார். கணினி நிரல்களுக்கு எண் கொடுப்பதைப்போல மிருகத்துக்கும் பதிப்பு எண் வைத்திருக்கிறார்கள். இப்போது இருப்பதும் உண்மையான டைனோசர் அல்ல, நாம் செய்ததுதானே, அப்புறம் என்ன என்பது அவர் வாதம். நாவலின் மிக நேர்மையான இடம் என்று இதைச் சொல்லலாம்.

ஸ்பீல்பெர்க்கின் படத்தில் இந்த முன்னுரை போயே போய்விட்டது. நாவலில் ஹாமண்ட் தான் செய்த குட்டி டைனோசர்களாலேயே தின்னப்படுகிறார். படத்தில் அவர் கனவு காண்கிற நல்ல தாத்தா, ஹெலிகாப்டரில் ஏறிப் பத்திரமாகத் திரும்புகிறார். முதலாளிக்குப் பதிலாகக் கழிப்பறையில் உட்கார்ந்தபடி வக்கீல் சாகிறார், அரங்கம் சிரிக்கிறது. படத்தில் முதலில் சாவது யார்? கூண்டை இறக்கும் ஒரு தொழிலாளி. அவன் குடும்பம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவதால்தான் வக்கீல் வருகிறார், நிபுணர்கள் வருகிறார்கள், கதையே நகர்கிறது. நாவலிலும் அப்படித்தான். கடலோர ஊர் மருத்துவரிடம் சிதைந்த உடலோடு கொண்டுவரப்படும் இளைஞனுக்குக் கட்டட வேலையில் விபத்து என்று கம்பெனி பொய் சொல்கிறது. பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

நாவலில் இன்னொரு காட்சியைப் படம் விட்டுவிட்டது. தீவிலுள்ள மிருகங்களைக் கணினி எண்ணிக்கொண்டே இருக்கிறது. 238 இருக்க வேண்டும், 238 இருக்கிறது. எல்லாம் சரி. ஒருவர் கேட்கிறார்: அதற்கு மேல் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். தேடினால் 292. குறைந்துவிடக் கூடாது என்ற பயத்தில் செய்த நிரல் அது. எதிர்பார்த்த எண் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடும். சொத்துக்காரரின் கண் தொலைந்ததைத்தான் தேடும், தன்னிஷ்டத்துக்குப் பெருகியது அதற்குத் தெரியாது. இந்தக் காட்சியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

3

கிரைட்டனின் கம்பெனி வெறும் கற்பனையில் முளைக்கவில்லை. 1972இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலைபார்த்த ஆனந்த சக்ரபர்த்தி, வங்காளத்தில் பிறந்தவர், எண்ணெய்க் கசிவைத் தின்னும் பாக்டீரியா ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார். உயிருள்ளதற்குக் காப்புரிமை கிடையாது என்றது அலுவலகம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1980 ஜூன் 16 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தீர்ப்பு வந்தது. உயிருள்ளதா இல்லையா என்பது பிரச்சினை இல்லை, மனிதன் செய்ததா என்பதே கேள்வி, செய்திருந்தால் சொத்துதான். அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று ஜெனென்டெக் என்ற மரபணு நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 35 டாலர் பங்கு ஒரு மணி நேரத்துக்குள் 88 டாலரைத் தொட்டது. 1988இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் புற்றுநோய் வரும்படி மாற்றப்பட்ட ஓர் எலி மீது காப்புரிமை கிடைத்தது. பாக்டீரியாவிலிருந்து பாலூட்டிக்கு எட்டே வருடம்.

நாவல் வெளியான அதே 1990இல், ஜூலையில், கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. ஜான் மூர் என்ற நோயாளியின் மண்ணீரலை அறுத்தெடுத்த மருத்துவர், அதன் செல்களிலிருந்து ஒரு செல் வரிசையை உருவாக்கிக் காப்புரிமை வாங்கிவிட்டார். என் உடம்பு, எனக்குப் பங்கு இல்லையா என்று கேட்டார் மூர். இல்லை என்றது நீதிமன்றம். தகவல் சொல்லாமல் செய்தது தப்பு, அதற்கு வழக்குப் போடலாம், ஆனால் வெட்டியெடுத்த செல்லுக்கு நீ சொந்தக்காரன் இல்லை. ஆக, உடம்பைக் கொடுத்தவருக்கு உரிமை கிடையாது, அதில் கைவைத்தவருக்கு உண்டு. அழிந்த விலங்கு இந்தச் சட்டத்துக்கு எவ்வளவு வசதியானது என்று யோசித்துப் பாருங்கள். அது வழக்குப் போடக்கூட வராது.

காட்டு மிருகம் யாருக்கும் சொந்தமில்லை, பிடிக்கிறவரைக்கும். இது பழைய சட்டம். அழிந்து திரும்பிவரும் மிருகமோ பிறக்கும்போதே ஒருவருடைய கண்டுபிடிப்பாகப் பிறக்கிறது. அழிவு என்பது பொதுச் சொத்திலிருந்து தனிச் சொத்துக்குப் போகும் வழியாகிவிடுகிறது.

4

கொசுவுக்கும் ஒரு வரலாறு உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜார்ஜ் பாய்னரும் ராபர்ட்டா ஹெஸ்ஸும் நான்கு கோடி ஆண்டு பழைய பிசினுக்குள் இருந்த பூச்சி ஒன்றின் திசுக்கள் சிதையாமல் இருப்பதை 1982இல் எழுதினார்கள். கிரைட்டன் அவர்களுக்கு நாவலில் நன்றி சொல்லியிருக்கிறார். பிறகு கற்பனையும் ஆய்வும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போயின. பிசினில் கிடைத்த பன்னிரண்டு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வண்டின் மரபணுவைப் படித்துவிட்டோம் என்ற கட்டுரை நேச்சர் இதழில் வந்தது 1993 ஜூன் 10. மறுநாள் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. பின்னாளில் அந்த முடிவு நிற்கவில்லை, இன்றைய உயிர்களின் மரபணு கலந்துவிட்டது என்று தள்ளப்பட்டது. இதுவரை படிக்கப்பட்ட மிகப் பழைய மரபணு சுமார் இருபது லட்சம் ஆண்டுகள் பழையது. டைனோசர் வரப்போவதில்லை.

ஆனால் அழிந்த விலங்கு ஒன்றின் மரபணு முதன்முதலில் படிக்கப்பட்டதும் அதே பெர்க்லியில்தான், 1984இல். விலங்கின் பெயர் குவாக்கா. உடம்பின் முன்பாதியில் மட்டும் வரிகளுள்ள தென்னாப்பிரிக்க வரிக்குதிரை. பெயரே கோய்கோய் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியக் குடியேறிகள் தோலுக்காகவும், தங்கள் ஆடுமாடுகளுக்குப் புல் வேண்டும் என்பதற்காகவும் அதைச் சுட்டுத் தீர்த்தார்கள். கடைசிக் குவாக்கா 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் செத்தது. அதுதான் கடைசி என்பதுகூட அப்போது யாருக்கும் தெரியாது. ஜெர்மனியின் மைன்ஸ் அருங்காட்சியகத்திலிருந்த தோலில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து ரஸல் ஹிகுச்சியும் ஆலன் வில்சன் குழுவினரும் 229 எழுத்துகளைப் படித்தார்கள். இந்தத் துறையின் முதல் பக்கத்தில் இருப்பது டைனோசர் அல்ல, காலனி வேட்டையில் செத்த மிருகம். அதை வைத்து யாரும் கோடி கோடியாகப் படமெடுக்கவில்லை.

'உயிரினம் முற்றாக அழியும்' என்ற கருத்தே அவ்வளவு பழையதல்ல. கடவுள் படைத்தது எப்படி அழியும் என்பதுதான் அதுவரை ஐரோப்பியச் சிந்தனை. 1796இல் பாரிஸில் ஜார்ஜ் குவியே, மாமத்தின் எலும்புகளை இன்றைய யானைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டு, இது வேறு இனம், இப்போது உலகில் எங்கும் இல்லை என்று காட்டினார். அதே குவியே, 1815இன் கடைசியில் பாரிஸில் இறந்துபோன சாரா பார்ட்மனின் உடலை அறுத்து ஆராய்ந்தார். ஐரோப்பிய நகரங்களில் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்ட கோய்கோய் பெண் அவர். அவருடைய எச்சங்கள் பாரிஸ் அருங்காட்சியகத்தில் 1970கள் வரை பார்வைக்கு இருந்தன. 2002இல்தான் ஊர் திரும்பி அடக்கமாயின. அழிவு என்ற கருத்தை நிலைநாட்டிய கத்தியும் 'தாழ்ந்த இனம்' என்ற கருத்தைச் செதுக்கிய கத்தியும் ஒரே கையில் இருந்தன.

5

கொலை, கணக்கு, காட்சி, மறு உயிர்ப்பு என்ற நான்கும் ஒரே இடத்தில் கூடும் ஊர் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா. பழைய பெயர் வான் டீமன்ஸ் லேண்ட்.

1820களில் லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது, வான் டீமன்ஸ் லேண்ட் கம்பெனி. அரச சாசனம் பெற்று, தீவின் வடமேற்கில் ஏராளமான நிலத்தை வாங்கி ஆடு வளர்க்க இறங்கியது. 1828 பிப்ரவரியில் கேப் கிரிம் என்ற இடத்தில் அந்தக் கம்பெனியின் மேய்ப்பர்கள் நான்கு பேர் சுமார் முப்பது பூர்வகுடிகளைக் கொன்றார்கள். 1830இல் அதே கம்பெனி, ஆடுகளைத் தின்பதாகச் சொல்லி, தைலசின் என்கிற டாஸ்மேனியப் புலியின் தலைக்குப் பரிசு அறிவித்தது. அதே 1830 பிப்ரவரியில் காலனி அரசு பூர்வகுடிகளைப் பிடித்துத் தருவதற்குப் பரிசு அறிவித்தது. பெரியவருக்கு 5 பவுண்டு, குழந்தைக்கு 2 பவுண்டு. பிறகு 1888இல் அரசே தைலசினுக்கும் பரிசு போட்டது. பெரியதற்கு 1 பவுண்டு, குட்டிக்கு 10 ஷில்லிங். 1909க்குள் 2,184 பரிசுகள் கொடுக்கப்பட்டதாக அரசுக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. பெரியதற்கு ஒரு விலை, குட்டிக்கு ஒரு விலை. மனிதருக்கு எழுதிய விலைப் பட்டியலின் வடிவம்தான் மிருகத்துக்கும்.

கடைசித் தைலசின் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் 1936 செப்டம்பர் 7 அன்று செத்தது. அதைப் பாதுகாக்கும் சட்டம் வந்து அப்போது 59 நாட்கள்தான் ஆகியிருந்தன. அதன் உடல் எங்கே என்று தெரியாமலே இருந்தது. டாஸ்மேனிய அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றிலேயே அது இருந்தது 2022 டிசம்பரில் வெளியே தெரிந்தது. சட்டவிரோதமாகப் பிடிக்கப்பட்ட பெண் மிருகம் என்பதால் ஒழுங்காகப் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு 'கடைசி'யும் இருந்தது. 1876இல் இறந்த ட்ருகனினி. வில்லியம் லான் என்ற பூர்வகுடி மனிதர் 1869இல் இறந்தபோது அவர் மண்டையோட்டை அறுத்துத் திருடினார்கள். அது தனக்கும் நேரும் என்று பயந்து, தன் உடலைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர் ட்ருகனினி. கேட்டதைத்தான் செய்யவில்லை. அவருடைய எலும்புக்கூடு 1904 முதல் 1947 வரை கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. 1976இல்தான் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். 'கடைசி டாஸ்மேனியர்' என்று பாடநூல்கள் எழுதின. அது பொய். ஃபேனி கோக்ரன் ஸ்மித் 1905 வரை உயிரோடு இருந்தார். 1899இலும் 1903இலும் தன் மொழிப் பாடல்களை மெழுகு உருளையில் பாடிப் பதிவு செய்தார். பாஸ் நீரிணைத் தீவுகளில் குடும்பங்கள் பெருகின. இன்றும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். ஆனால் 'அழிந்துவிட்டார்கள்' என்று அறிவிக்கப்பட்டவர்களுக்கு நிலம் கேட்கும் உரிமை கிடையாது. செத்தவன் பட்டா கேட்டு வரமுடியுமா?

கிரைட்டனின் கணினி இங்கே ஞாபகத்துக்கு வர வேண்டும். அது எதிர்பார்த்த எண்ணோடு நின்றது. காலனி அரசு எதிர்பார்த்த எண் பூஜ்யம். அதைத் தொட்டதும் எண்ணுவதை நிறுத்திக்கொண்டது.

6

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு எழுதப்பட்ட புனைவு மிகக் குறைவு. 1999இல் ஜூலியா லீ என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் வெளியிட்ட 'வேட்டைக்காரன்' நாவல் அவற்றில் ஒன்று. பெயர் சொல்லப்படாத ஒரு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் டாஸ்மேனியக் காட்டுக்கு ஒரு ஆளை அனுப்புகிறது. கடைசித் தைலசின் ஒன்று அங்கே உயிரோடு இருப்பதாகத் தகவல். அதைக் காப்பாற்ற அல்ல. கொன்று, மரபணுப் பொருளை எடுத்துவர. வேறு யார் கையிலும் கிடைக்கக் கூடாது என்றால் கடைசி ஒன்று உயிரோடு இருக்கக் கூடாது. ஜுராசிக் பார்க் நேர்மாறாகத் திரும்புகிறது. உயிர்ப்பிப்பதற்காகக் கொலை. காப்புரிமையின் தர்க்கத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு கதை எனக்குத் தெரியவில்லை. அதே 1999இல் சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 1866இல் சாராயத்தில் போட்டுவைத்த தைலசின் குட்டியிலிருந்து குளோனிங் செய்யும் திட்டத்தை அறிவித்து, 2005இல் கைவிட்டது.

பெரும்பாலான புனைவுகள் விட்டுவிடும் இன்னொரு பாத்திரம் தாய். ஜுராசிக் பார்க்கில் செயற்கை முட்டை போதும், யாரும் சுமக்க வேண்டியதில்லை. நிஜத்தில் அப்படியா? ஸ்பெயினின் பைரனீஸ் மலைக்காட்டு ஆடான புகார்தோவின் கடைசிப் பெண் 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது. அதன் செல்லிலிருந்து கருக்களை உருவாக்கி 57 வாடகைத் தாய் ஆடுகளுக்குள் வைத்தார்கள். 7 சினையாயின. 2003இல் ஒரே ஒரு குட்டி பிறந்தது, நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் செத்தது. ஒரே இனம் இரண்டு முறை அழிந்தது என்று செய்தியாளர்கள் எழுதினார்கள். அந்த 57 ஆடுகளைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லை. மாமத் வேண்டுமென்றால் யானை சுமக்க வேண்டும், அல்லது செயற்கைக் கருப்பை வேண்டும். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் 'தொழில்நுட்பச் சிக்கல்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

7

2021இல் டெக்சாஸில் கொலோசல் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. மாமத், தைலசின், டோடோ எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருவோம் என்கிறது. 2025 தொடக்கத்தில் அதன் மதிப்பு 1,020 கோடி டாலர் என்றார்கள். அதுவரை ஒரு மாமத்தும் பிறக்கவில்லை. 2025 ஏப்ரலில் அது மூன்று ஓநாய்க் குட்டிகளைக் காட்டி, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இல்லாதிருந்த 'டயர் வுல்ஃப்' திரும்பிவிட்டது என்றது. செய்தது என்ன? சாம்பல் ஓநாயின் மரபணுக்களில் 14ஐ எடுத்து 20 திருத்தங்கள். அவ்வளவுதான். திருத்தப்பட்ட சாம்பல் ஓநாய்தான் என்பதை அக்கம்பெனியின் தலைமை விஞ்ஞானியே அடுத்த மாதம் ஒப்புக்கொண்டார். நாவலில் வூ பேசியதைத்தான் இவர்களும் பேசினார்கள். பார்க்கிறவருக்கு அப்படித் தெரிந்தால் போதும்.

ஒரு குட்டிக்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் பாத்திரப் பெயரை வைத்து, மற்ற இரண்டையும் அந்தத் தொடரின் இரும்பு சிம்மாசன நகல் மீது உட்காரவைத்துப் படமெடுத்தார்கள். அந்தக் கதைகளை எழுதிய ஜார்ஜ் மார்ட்டின் கம்பெனியின் முதலீட்டாளர்களில் ஒருவர். புனைவு எச்சரிக்கும், அறிவியல் கேட்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது புனைவு விளம்பரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மரபணு மாற்றிய யானைகளுக்குக் காப்புரிமை கேட்டு இதே கம்பெனி விண்ணப்பித்திருப்பதும் அதே மாதம் செய்தியானது.

உண்மையான ஆபத்து ஓநாயில் இல்லை. அறிவிப்பு வந்த கையோடு, அமெரிக்க உள்துறை அமைச்சர் டக் பர்கம் இதை வரவேற்றார். இனங்களைப் பாதுகாப்பது பற்றிய பார்வையையே மாற்ற வேண்டும், கட்டுப்பாடுகளைவிடப் புதுக் கண்டுபிடிப்பே முக்கியம் என்ற ரீதியில் பேசினார். 1973இல் வந்த அழியும் இனங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற காட்டையும் எண்ணெய்க் கிணறுகளுக்கான நிலத்தையும் கையில் வைத்திருக்கும் துறை அது. அழிந்தாலும் பரவாயில்லை, செய்துகொள்ளலாம் என்றால் அழிப்பதற்குத் தடை எதற்கு? பாவமன்னிப்புச் சீட்டை முன்கூட்டியே விற்றுவிட்டுப் பாவத்தைப் பிறகு செய்யச் சொல்வது போன்றது இது.

சரி, உயிர்ப்பித்த மிருகத்தை எங்கே விடுவது? புனைவுக்கு எப்போதும் ஒரு தீவு இருக்கிறது. வெல்ஸின் டாக்டர் மொரோவுக்கும் ஹாமண்டுக்கும் ஆளில்லாத தீவு கிடைத்துவிடுகிறது. பூமியில் அப்படி ஆளில்லாத இடம் எதுவும் இல்லை, ஆளை வெளியேற்றிய இடம்தான் உண்டு. நம் நாட்டிலேயே பார்க்கலாம். இந்தியாவில் சிறுத்தைப்புலியினும் வேறான சீட்டா 1952இல் அழிந்ததாக அறிவிக்கப்பட்டது. சமஸ்தான மன்னர் ஒருவர் 1947இல் சுட்ட மூன்றுதான் கடைசியாகப் பதிவானவை. 2000க்குப் பிறகு ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் குளோனிங் மூலம் அதை மீட்க யோசித்தது, ஈரான் தன் சீட்டாக்களைத் தர மறுத்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சீட்டாக்கள் மத்தியப்பிரதேசத்தின் குனோவுக்கு வந்தன. குனோ எப்படிக் காலியாயிற்று? கிர் காட்டுச் சிங்கங்களைக் கொண்டுவரப்போகிறோம் என்று சொல்லி அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே 24 கிராமங்களை, சுமார் 1,500 குடும்பங்களை, வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் சகரியா பழங்குடியினர். சிங்கம் வரவேயில்லை. மன்னர் சுட்டதற்குச் சகரியாக்கள் ஈடு கட்டினார்கள்.

8

மீட்பதே தப்பு என்று முடித்துவிடலாமா? அதுவும் சுலபமான முடிவு. டாஸ்மேனியாவிலேயே இன்னொரு மீட்பு நடந்துகொண்டிருக்கிறது. மிருகம் அல்ல, மொழி. 1990களிலிருந்து அங்குள்ள பூர்வகுடிகள் பலாவா கானி என்ற மொழியைக் கட்டியெழுப்புகிறார்கள். தீவில் பேசப்பட்ட மொழிகள் பலவும் போய்விட்டன. மிஞ்சியவை குடியேறிகள் தங்கள் ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி கிறுக்கிவைத்த சொற்பட்டியல்கள், ஃபேனி ஸ்மித் பாடிய மெழுகு உருளைகள், குடும்பங்களுக்குள் தங்கிப்போன சில சொற்கள். ஓட்டைகள் நிறைந்த இந்தப் பதிவிலிருந்துதான் சேர்க்கிறார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் மரபணுக்காரர்கள் செய்கிற அதே வேலை. துண்டுகளைச் சேர், இடைவெளியைப் பக்கத்து உறவிலிருந்து நிரப்பு. வந்து சேர்வது பழையதின் நகல் அல்ல என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அதை மீட்பவர்கள் அதை இழந்தவர்கள். பேசப்போவது அவர்கள் பிள்ளைகள். எங்கே எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். வெளியார் பயன்படுத்த விரும்பினால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்கிறார்கள். 'அழிந்துவிட்டீர்கள்' என்று அறிவித்த அரசுக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு மறுப்பு.

அந்த மொழியில் தைலசினுக்குப் பெயர் கபருனினா. கம்பெனியின் திட்டத்தில் கபருனினாவும் இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2022இலிருந்து வேலை நடக்கிறது. ஒருநாள் வரிபோட்ட முதுகோடு ஒரு குட்டி பிறந்து நம் தொலைக்காட்சிகளுக்கு வரக்கூடும். அப்போது அது உண்மையான தைலசினா என்று விவாதம் நடக்கும், மனிதன் கடவுளாகலாமா என்று தலையங்கம் வரும். 1830இல் அதன் தலைக்குப் பரிசு அறிவித்த கம்பெனியின் பெயரை யாராவது சொல்வார்களா, கேப் கிரிமில் விழுந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்பார்களா என்பதைப் பார்க்க வேண்டும். விஞ்ஞானப் புனைகதை எழுத நினைக்கும் நம் எழுத்தாளர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் போய்த்தான் தீர வேண்டும் என்பதில்லை. கூண்டை இறக்கப் போய்ச் செத்த அந்தத் தொழிலாளியின் வீட்டிலிருந்தும் கதையைத் தொடங்கலாம்.